ஒன்பது பேரைக் கழித்துவிட்டு நூற்றுக்கு நூறு

1

போன சனிக்கிழமை தபாலில் ஒரு புத்தகம் வந்தது. பளபளப்பான தாள், கனமான அட்டை. வெளிநாடுகளில் வாழும் எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு மலர். பிரித்தால் இரண்டாம் பக்கத்திலேயே நான் நிற்கிறேன். பட்டுப்புடவை, கையில் கத்தரிக்கோல், முகம் கொள்ளாத சிரிப்பு. பின்னால் நீல வண்ணம் பூசிய வகுப்பறை. படத்துக்குக் கீழே, 'நம் உதவியால் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி கண்ட அரசுப் பள்ளி' என்று போட்டிருக்கிறார்கள்.

சங்கத்திலிருந்து என்னை நீக்கிப் பத்து மாதம் ஆகிறது. ஆளை நீக்கியவர்களுக்குப் படத்தை நீக்க மனம் வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள். இதே திட்டத்தை இன்னும் இரண்டு பள்ளிகளுக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். ஒன்று திருவள்ளூர் நகரத்தில், இன்னொன்று வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கம். நன்கொடையாளர்கள் தாராளமாக முன்வர வேண்டும். பழைய நிபந்தனைகளே தொடரும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி.

அந்த வரியை மறுபடி படித்தேன். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அணைக்கத் தோன்றவில்லை. அந்த நிபந்தனைகளை எழுதியவள் நான். ஒவ்வொரு சொல்லையும் உட்கார்ந்து யோசித்து எழுதினேன். அதனால் என்ன நடந்தது என்பதை ஊரில் இருக்கிறவர்கள் படிக்கிற மாதிரி ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கியிருக்கிறேன்.

2

நான் கலைச்செல்வி. ஆரம்பாக்கத்துக்காரி. அப்பா முதலில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இரும்புக் கம்பி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் ரயிலேறிப் போய்க் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் படித்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டு வருடங்களுக்கு முன் கணவரின் வேலையை ஒட்டி ஜெர்மனிக்கு வந்தோம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஒரு சின்ன ஊர். பிரேக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு அளவுக் கருவியைக் கையில் எடுத்தால் மதியம் இரண்டு வரை அதே வேலை. அளவுக்குள் இருந்தால் பச்சைப் பெட்டி. மயிரிழை தப்பினாலும் சிவப்புப் பெட்டி. சிவப்புப் பெட்டிக்குப் போனது என்ன ஆகிறது என்று நான் கேட்டதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் சங்கம் எங்கள் பழைய பள்ளியைத் தத்தெடுக்க முடிவு செய்தது. சென்னையில் ஒரு அறக்கட்டளையும் சேர்ந்துகொண்டது. சங்கத் தலைவர் அமெரிக்காவில் இருக்கிறார். எனக்கு ஆறு வருடம் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினித் திரையில் கூடிப் பேசுவோம். கொடுக்கிற உதவிக்குப் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நன்கொடையாளர்கள் இரண்டாம் வருடம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றார் அவர். நீ தரச் சோதனையில்தானே இருக்கிறாய், ஒரு அளவுகோல் எழுதிக் கொடு என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வார இறுதி முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி முந்தைய ஆண்டைவிடக் கூட வேண்டும். நூறைத் தொட்ட பிறகு குறையவே கூடாது. குறைந்தால் அடுத்த ஆண்டு உதவி நிற்கும்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. கை தட்டினார்கள்.

பள்ளியின் தலைமையாசிரியை எலிசபெத் டீச்சர் எங்களிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருந்தார். சிப்காட் ஆலைகளில் வேலை செய்கிற ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் பேர் பள்ளியில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சாயங்காலம் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தார். ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது எங்கள் திட்டத்தில் வராது, பொருளாகக் கேளுங்கள் என்று பதில் போனது. அந்தப் பதிலை எழுதியதும் நான்தான். தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தியைப் படம் பிடித்து ஆண்டு மலரில் போட்டால் யார் பார்ப்பார்கள்? தொடுதிரைப் பலகை வாங்கினோம். நாற்காலிகள் வாங்கினோம். சுவருக்கு நீல வண்ணம் அடித்தோம்.

முதல் வருடமே நூற்றுக்கு நூறு வந்தது. எங்கள் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன்.

3

போன வருடம் ஆகஸ்ட் விடுமுறையில் மகள் யாழினியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். திட்டத்தின் ஆண்டு விழா. சங்கத்தின் சார்பில் நான்தான் ரிப்பன் வெட்ட வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

யாழினிக்கு அப்போது பதினான்கு முடிந்திருந்தது. ஏழு வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் ஜெர்மனில் யோசித்துத் தமிழில் பேசுவாள். ஆரம்பாக்கத்தில் தம்பி வீட்டில் போய் இறங்கிய அன்று காலை, "மாமா, நான் பசி வச்சிருக்கேன்" என்றாள். தம்பி பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கே வைத்திருக்கிறாய், காட்டு என்று கேட்டார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு அங்கே இருந்தவரை தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

விழா நல்லபடியாகத்தான் நடந்தது. ரிப்பன் வெட்டினேன். படம் எடுத்தார்கள். எலிசபெத் டீச்சர் மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நாலு வார்த்தை பேசினார். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விழா முடிந்ததும் என் தோழி மலரைப் பார்க்கச் சமையல் கூடத்துக்குப் போனேன். மலரும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. இப்போது அதே பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். யாழினிக்கு ஒரு தட்டில் சாம்பார் சாதமும் முட்டையும் வைத்துக்கொடுத்தாள். எனக்கும் வைத்தாள்.

"படம்லாம் நல்லா புட்ச்சாங்களாடி?" என்றாள்.

நல்லாப் பிடித்தார்கள் என்றேன். பள்ளி எப்படி மாறிவிட்டது பார்த்தாயா என்றும் கேட்டேன். அவள் கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாத்தி வைத்தாள்.

"மாறித்தான் கீது. பெயின்ட்டு கீது, போர்டு கீது. புள்ளைங்கதான் கொறஞ்சிக்கினே வருது. பத்தாங்கிளாஸ்ல மட்டும் ஒம்போது தட்டு கம்மி."

எனக்குப் புரியவில்லை. வேறு பள்ளிக்குப் போய்விட்டார்களா என்று கேட்டேன்.

"எந்த ஸ்கூலுக்கு? ஒம்போதாவது முடிச்ச ஒடனே, ஜூன்ல டீசி குட்த்து அனுப்பிட்டாங்க. தமிழ்ல ஃபெயில் ஆவும்னு தோணுன புள்ளைங்களா பாத்து குட்த்தாங்க. ஏழு பேரு வடக்கத்திப் புள்ளைங்க, ரெண்டு பேரு நம்ம புள்ளைங்க. போன வருஷமும் இதே கததான். நூறு காட்டணுமாமே. ஃபாரின்ல கீற யாரோ சட்டம் போட்டுக்கீறாங்களாம்."

தட்டைக் கீழே வைத்தேன். அது நான்தான் மலர், அந்தச் சட்டத்தை எழுதியது நான் என்றேன்.

அவள் கரண்டியை எடுத்து அண்டாவுக்குள் போட்டாள். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "நீ படிச்சவளாச்சேடி" என்று மட்டும் சொன்னாள். பிறகு அண்டாவைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

4

அடுத்த நாள் மலரே கூட்டிக்கொண்டு போனாள். யாழினியும் வந்தாள். சிப்காட்டின் பின்பக்கம் கல்நார் ஓடு போட்ட அறைகள் வரிசையாக இருக்கும். வெளி மாநிலத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்குகிற இடம். ஒரு அறைக்கு ஒரு குடும்பம். எட்டு அறைகளுக்கு ஒரு குழாய்.

நாங்கள் பார்க்கப் போனது மினதி என்கிற பெண்ணை. அவள் அப்பா ஒடிசாவிலிருந்து வந்து உருக்காலையில் வேலை செய்கிறார். மூன்று வருடமாக எங்கள் பள்ளியில் படித்தவள். கணக்கில் வகுப்பிலேயே முதலாவது என்று மலர் வழியில் சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது பிளாஸ்டிக் மூடிகளை நிறம் நிறமாகப் பிரிக்கிற ஒரு கொட்டகைக்கு வேலைக்குப் போகிறாள். மதியம் தங்கைக்குச் சோறு போட வீட்டுக்கு வருவாள். அந்த நேரம் பார்த்துத்தான் போனோம்.

ஒல்லியான பெண். விரல் நுனிகள் எல்லாம் நீலமும் சிவப்பும் ஏறிக் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்கக்கா, உக்காருங்க. டீ போடட்டா?" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கும்மிடிப்பூண்டிப் பெண் பேசுகிறாள் என்றுதான் சொல்வோம். பேசுவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எழுதும்போதுதான் லகர ளகரமும் ஒற்றும் அவள் காலை வாரிவிட்டன. தமிழ்த் தாளில் தேற மாட்டாள் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

எப்படி நடந்தது என்று கேட்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அம்மாவை வரச் சொன்னார்கள். மினதியை அறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு அம்மாவிடம் மட்டும் பேசியிருக்கிறார்கள். அவள் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது.

"டீச்சரு பேப்பரு நீட்டுனாங்க. அம்மா ஸ்காலர்ஷிப்புன்னு நெனச்சிக்கினு கையெழுத்து போட்டுச்சி. தேங்க்ஸு வேற சொல்லிச்சி. மறுநாளு நான் பையத் தூக்கிக்கினு போனா, கேட்டாண்டயே நிறுத்திட்டாங்க."

அவள் இதைச் சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கத்தில் அவள் தங்கை தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

அதற்குள் அம்மாவும் வந்துவிட்டாள். வெளிநாட்டிலிருந்து பள்ளிக்கு உதவி செய்கிறவர்கள் என்று மலர் அரைகுறை இந்தியில் சொன்னாள். அந்த அம்மா எனக்குக் கை கூப்பினாள். பிறகு மகளிடம் ஒடியாவில் ஏதோ கேட்டாள். மினதி சொல்லத் தயங்கினாள். பரவாயில்லை, சொல் என்றேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு உங்கள கேக்க சொல்லுது. எங்கிட்ட தெனிக்கும் கேக்குது. நான் ஒண்ணும் பண்லன்னு சொன்னா நம்ப மாட்டேங்குது."

ஒரு தப்பும் செய்யவில்லை என்று அம்மாவிடம் சொல் என்றேன். சொன்னாள். அவள் அம்மா நம்பினாளா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

புறப்படும்போது மினதி யாழினியிடம் எந்த வகுப்பு என்று விசாரித்தாள். ஒன்பது என்றாள் யாழினி. "ஒனக்கு தமிழு எழுதத் தெரியுமா?" என்று கேட்டாள் மினதி. யாழினி தெரியாது என்று தலையாட்டினாள். மினதி உண்மையாகவே புரியாமல் கேட்டாள்:

"அப்ப ஒன்ன மட்டும் ஸ்கூல்ல எப்பிடி வச்சிக்கிறாங்க?"

5

இங்கே நான் இன்னொரு கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்த முதல் வருடம். யாழினி இரண்டாம் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அப்போது மொழி பிடிபடவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசை எண் வாங்கிக் காத்திருந்து, உள்ளே போய்ப் பாதிப் புரிந்து பாதிப் புரியாமல் தலையாட்டிவிட்டு வருவேன். தவறான படிவம் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆசிரியை மிகவும் அன்பாகப் பேசினார். அவர் சொன்னதில் 'ஃபோர்டர்ன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சொல்லை நான் மொழி வகுப்பில் படித்திருந்தேன். ஊக்குவிப்பது, தூக்கிவிடுவது என்று பொருள். என் மகளைத் தனியாகக் கவனித்து மேலே கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைத்து, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

மறுநாள் உணவு இடைவேளையில் அந்தத் தாளை அய்ஷேயிடம் காட்டினேன். எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்கிற துருக்கிக்காரி, இங்கேயே பிறந்தவள். படித்துவிட்டு அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். இதில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்றாள். இது கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கு மாற்றுவதற்கான ஒப்புதல். உன் மகளுக்குக் குறைபாடு எதுவும் இல்லை, மொழி தெரியவில்லை, அவ்வளவுதான். அங்கே போனால் திரும்பி வருவது லேசில்லை, என் அண்ணனை அப்படித்தான் அனுப்பினார்கள், அவன் இன்றைக்கும் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறான் என்றாள். அன்று மதியமே விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் அவளே பேசினாள். அந்தத் தாளைத் திரும்பப் பெற்று என் கையில் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போனாள்.

யாழினி இன்று நல்ல பள்ளியில் நல்ல மதிப்பெண்களோடு படிக்கிறாள். இத்தனையும் எனக்கு நடந்தது. நடந்து ஐந்து வருடம்கூட ஆகாத நிலையில்தான் நான் அந்த நிபந்தனையை எழுதினேன். எழுதும்போது ஒரு நொடிகூட அந்தத் தாள் நினைவுக்கு வரவில்லை. தலைவர் மீது எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் என்மீது இருக்கிற கோபத்துக்கு அது ஈடாகாது.

மினதி வீட்டிலிருந்து திரும்பும்போது யாழினி ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். எளாவூர் தாண்டிய பிறகு, அந்த விதியை எழுதியது யார் என்று ஜெர்மனில் கேட்டாள். நான் என்று தமிழில் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆரம்பாக்கத்தில் இறங்கும்போது, அய்ஷேவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

6

மறுநாள் எலிசபெத் டீச்சரைப் பார்க்கப் போனேன். கோபத்தோடுதான் போனேன். ஒன்பது பிள்ளைகளை எப்படி வெளியே அனுப்ப மனம் வந்தது என்று கேட்டேன். அவர் பதறவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். மேலே இருந்தது நான் எழுதிய நிபந்தனை. அதற்குக் கீழே நான் அனுப்பிய பதில் கடிதம்.

"தமிழ் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் கேட்டேன் மேடம். இல்லன்னுட்டீங்க. போர்டு குடுத்தீங்க. எங்கிட்ட கணக்கு டீச்சர் கிடையாது, அந்த போர்டை தொடச்சி வைக்கிறதுக்குக் கூட ஆள் கிடையாது. நூறு மட்டும் குறையக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. கொறஞ்சா, அறக்கட்டளைல இருந்து மேலிடத்துக்கு லெட்டர் போவுது. மேலிடம் என்னைத்தான் கேக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் பிள்ளைகளுக்காக நீங்கள் சண்டை போட்டிருக்கலாமே என்றேன்.

"யார்கிட்ட? உங்க கிட்டயா?" என்றார்.

அவர் செய்தது நியாயம் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஒரு தாயிடம் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கியதை எந்தக் காரணம் சொல்லியும் மூட முடியாது. அதை அவரிடமே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தெரியும் என்றார். ராத்தூக்கம் போய் ஒரு வருடம் ஆகிறது என்றார்.

அப்புறம் காரியத்தைப் பேசினோம். பிள்ளைகள் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் அவர்களால் தேர்ச்சி குறைந்தால் உதவி நிற்காது என்று எழுத்தில் கொடுங்கள் என்றார். அப்படி எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. இருந்தாலும் அவர் மேசையிலேயே ஒரு வெள்ளைத்தாளை வாங்கி எழுதினேன். சங்கப் பொறுப்பாளர் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். வாழ்க்கையில் நான் தெரிந்தே போட்ட பொய்க் கையெழுத்து அதுதான். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

விடுமுறையில் மிச்சம் இருந்த நாட்களில் மலரும் நானும் ஒன்பது வீடுகளையும் தேடி அலைந்தோம். நான்கு குடும்பங்கள் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டன. பெருந்துறைப் பக்கம் என்றார்கள், ஊருக்கே என்றார்கள், யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மூன்று பிள்ளைகள் வேலைக்குப் பழகிவிட்டார்கள். அவர்கள் கொண்டுவரும் கூலியில் வீடும் பழகிவிட்டது. அதில் ஒரு பையனின் அப்பா எங்களை உள்ளே கூப்பிடவே இல்லை. உங்கள் பள்ளிக்கு வேண்டாம் என்றபோது அனுப்பினீர்கள், இப்போது வேண்டும் என்றதும் வர வேண்டுமா என்று இந்தியில் கேட்டார்.

இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். லாரியில் சுமை ஏற்றுகிற ஒருவரின் மகள் தேவி. இன்னொருத்தி மினதி. ஒன்பதில் இரண்டு.

7

ஜெர்மனி திரும்பிய முதல் ஞாயிறு சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். நிபந்தனையை எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளைப் போடுங்கள் என்று கேட்டேன். திரையில் பன்னிரண்டு முகங்கள். பாதிப் பேர் ஒலியை அணைத்து வைத்திருந்தார்கள். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உணர்ச்சிவசப்படாதம்மா கலை. ஏழெட்டுப் பேருக்காக ஒரு நல்ல திட்டத்தக் கெடுக்கக் கூடாது. அதுவும் அவங்க நம்ம ஊர்ப் பிள்ளைங்ககூட இல்ல."

அவர் அமெரிக்கா போய் இருபத்தைந்து வருடமாகிறது. அவருடைய பிள்ளைகள் படித்தது அமெரிக்காவின் அரசுப் பள்ளியில். நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று யாராவது கேட்டு உங்கள் பிள்ளையை வாசலில் நிறுத்தினார்களா என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணவர் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தார். ஒருவர் இணைப்பைத் துண்டித்துக்கொண்டார். பிறகு இன்னொருவர். அதற்கடுத்த மாதம் என் கடித விவகாரமும் வெளியே வந்தது. அதிகாரமில்லாமல் வாக்குறுதி கொடுத்ததாக என்னை நீக்கி மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

மலர் தினமும் பாத்திரம் கழுவி முடித்த பிறகு இரண்டு பெண்களையும் உட்கார வைத்துத் தமிழ் எழுத வைத்தாள். சனிக்கிழமை காலைகளில் நான் கைபேசி வழியாகச் சொல்வதெழுதுதல் வைத்தேன். யாழினியும் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். மூன்று வாரம் எழுதினாள். அப்புறம் கைப்பந்துப் பயிற்சி இருக்கிறது என்று போய்விட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவளை வைத்துக்கொள்ள ஒரு பள்ளி இருக்கிறது.

மே மாதம் முடிவு வந்தது. தேவி தேறினாள். மினதி கணக்கில் பள்ளியிலேயே அதிகம் வாங்கியிருந்தாள். தமிழில் தேறவில்லை. அந்த ஒருத்தியால் நூறு குறைந்தது. சங்கம் மறுநாளே உதவியை நிறுத்தியது. எலிசபெத் டீச்சரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எனக்கு வந்திருக்கிற ஆண்டு மலரில் அதைப்பற்றி ஒரு எழுத்து இல்லை. அதற்கு முந்தைய ஆண்டின் நூறைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலையில் மினதி துணைத்தேர்வு எழுதித் தேறினாள். இப்போது பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். இதைச் சொன்னால் எல்லோரும், அப்பாடா, நல்லபடியாக முடிந்ததே என்கிறார்கள். அப்படி யாராவது சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. திரும்பி வராத ஏழு பேரை நினைத்து எரிகிறது. முதல் வருடம் போனவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கு இதுவரை தெரியவில்லை, அதை நினைத்தும் எரிகிறது. எல்லாவற்றையும்விட, மே மாதம் முடிவு வந்த இரண்டாம் நாள் மினதி என்னைக் கூப்பிட்டுப் பேசியதை நினைத்துத்தான்.

வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். மலரின் கைபேசியிலிருந்து அழைப்பு. எடுத்தால் மினதி.

"அக்கா, தமிழ்ல போச்சுக்கா."

தெரியும், மறுபடி எழுதலாம் என்றேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள்.

"என்னால ஸ்கூலுக்கு வர்ற ஹெல்ப்பு நின்னுடுச்சாம். சாரிக்கா. இனிமே இப்பிடி ஆவாது."

எட்டு வருடமாக என் வாயில் வராத எங்கள் ஊர்ப் பேச்சு அப்போது வந்தது. "நீ இன்னாத்துக்குடி சாரி சொல்ற? யாரு சொல்லச் சொன்னது?" என்று கேட்டேன். நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மார்க் ஷீட்டு வாங்கப் போனப்ப, டீச்சருங்க எல்லார் முன்னாலயும் சொல்ல வச்சாங்க. அப்பால, ஃபாரின் அக்காவுக்கும் சொல்லிடுன்னாங்க" என்றாள்.